சுத்தியல் இல்லாத வீடு

"தம்பி, பிரீசரைத் தொறந்து தொறந்து பாக்காதீங்க. உள்ளே கிராங்க் தூங்குது."

கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டின் மாடியறைக்கு நான் குடிவந்த அன்று, வீட்டுக்கார அம்மா என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடும்போது கொழும்பைப் பற்றி ஆளுக்கொரு புத்திமதி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடையாள அட்டையைக் குளிக்கும்போதும் கழற்றாதே. பஸ்ஸில் வாயைத் திறக்காதே. செக் பொயின்ற்றில் சிரிக்காதே, சிரிக்காமலும் நிற்காதே. பிரீசருக்குள் ஏதாவது தூங்கினால் எழுப்பாதே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஒரு துண்டு ஐஸுக்காகத்தான் கதவைத் திறந்தேன். பாரை மீனுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில், பொலித்தீன் பைக்குள் ஒரு வளைந்த இரும்பு உறைபனி பூத்துக் கிடந்தது. இந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று யோசித்தபடி கதவைச் சாத்தினேன்.

அது சங்கிலி வாளின் கிராங்க். மரம் அறுக்கிற அந்த மெஷினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். அந்தக் குதிப்பைச் சுழற்சியாக மாற்றி, வெளியே சங்கிலியை ஓடவைக்கிற தண்டுதான் கிராங்க். இந்த அறிவெல்லாம் எனக்குப் பின்னால் வந்தது. அன்று எனக்குத் தெரிந்த ஒரே வாள் பள்ளிக்கூட நாடகத்தில் நான் இடுப்பில் செருகிய மட்டை வாள்.

அந்த அம்மாவை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். வாள்காரர்கள் அக்கே என்றார்கள். ஹெந்தளை, அவிசாவளை, ஹொரணைப் பக்கமெல்லாம் தென்னையும் பழைய ரப்பர் மரமும் தறிக்கிறவர்கள், வாள் மூச்சை நிறுத்தினால் சாக்கில் சுற்றிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வருவார்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அன்ரி பூப்போட்ட கவுனும், அதன்மேல் எண்ணெய் குடித்துத் தோல் மாதிரி ஆகிப்போன ஒரு ஏப்ரனுமாக உட்கார்ந்திருப்பார். ஏப்ரன் பையில் ஒரு செபமாலையும் பிளக் கழற்றும் சாவியும் ஒன்றாகவே கிடக்கும். செபம் சொல்ல உட்காரும்போது சாவியும், பிளக் கழற்றப் போகும்போது செபமாலையும் கைக்கு வருவது வழக்கம். இரண்டிலும் அவர் கோபப்பட்டதில்லை. "அந்தோனியாருக்குத் தெரியும், எனக்கு எது மொதல்ல தேவைன்னு" என்பார்.

இந்த வேலையை எங்கே பழகினார் என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்துப் பதில் வரும். கோயில் பாதரிடம், அப்பா கற்றுத்தந்தது என்பார். வாள்காரர்களிடம், கப்பலில் வேலை செய்யும் கணவர் சொல்லிக்கொடுத்தது என்பார். எனக்குக் கிடைத்தது மூன்றாவது: "பக்கத்து வளவில மரம் வெட்டுனாங்க தம்பி. பாதியில மெஷின் நின்னு போச்சு. மூணு ஆம்பளைங்க சுத்தி நின்னு அதை ஏசிட்டிருந்தாங்க. எனக்கு அந்த ஏச்சைக் கேக்க முடியல. போய்க் கழட்டிட்டேன்." மூன்றும் உண்மையாக இருக்கலாம். மூன்றும் பொய்யாக இருந்தாலும் வாள் ஓடியதே.

அவருடைய கையில் வந்த வாள் எதுவும் வந்த உடம்போடு திரும்பிப் போகாது. ஒன்றின் கிராங்க் இன்னொன்றுக்குள் போகும். மரம் விழுந்து நசுங்கிய பெரிய வாளின் உள்ளுறுப்பைச் சின்ன வாளுக்குள் ஏற்றி, சின்னதைப் பெரியதாக்குவதில் அவருக்குத் தனி ஆசை. பெரிய கிராங்க் பிஸ்டனைக் கொஞ்சம் கூடுதலாக மேலே தள்ளும். அந்தக் கொஞ்சத்தில்தான் பலம் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. மேலே இடம் போதாவிட்டால் பிஸ்டன் கூரையில் தலையை முட்டிக்கொள்ளும். அதற்காக பிளக் ஓட்டைக்குள் மெல்லிய ஈயக்கம்பியை விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியை எடுத்துத் தடிப்பைப் பார்ப்பார். போதாவிட்டால் சிலிண்டருக்கு அடியில் தடித்த கஸ்கெட். இன்னும் போதாவிட்டால் கிராண்ட்பாஸில் லேத் வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் அனுப்பி ஒரு சீவல்.

"வேற வேற பேர்போட்ட மெஷின் எல்லாம் எப்படி அன்ரி பொருந்துது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரைப் பாத்து யாரு போடறா? அளவைப் பாத்துப் போடறேன்."

அன்று மாலை பஸ்ஸில் ஒரு பொலிஸ்காரர் என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தை இரண்டு முறை வாசித்தபோது, அன்ரியை இந்த உத்தியோகத்துக்கு எடுத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

அளவு எப்போதும் சரியாக வந்ததென்று சொல்லமாட்டேன். ஒருமுறை, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில் ஈயக்கம்பி விடாமலே பூட்டிவிட்டார். முதல் இழுவையில் உள்ளே 'டக்' என்றது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலையில் பள்ளம். வாள்காரர் அழுகிற மாதிரி நின்றார். அன்ரி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அந்தப் பிஸ்டனைக் கழுவி அந்தோனியார் படத்துக்கு முன்னால் கவிழ்த்துவைத்து, பள்ளத்தில் மெழுகுதிரி ஏற்றினார். "என்னோட பெருமைக்கு நானே வச்ச வெளக்கு" என்றார். நான் இருந்த காலம் முழுக்க அது எரிந்தது.

இவ்வளவும் இருந்த அந்தப் பட்டறையில் ஒன்று மட்டும் இல்லை. சுத்தியல்.

என் அறையில் ஒரு கலண்டர் மாட்ட ஆணி அடிக்கலாமென்று சுத்தியல் கேட்டேன். என்னவோ துப்பாக்கி கேட்டவனைப் போல என்னைப் பார்த்தார். "நம்ம வீட்டுல அது கெடையாது." கடைசியில் அம்மிக்குழவியால் அடித்தேன். ஆணி வளைந்தது, விரலும்.

சுத்தியல் இல்லாத காரணத்துக்குத்தான் பிரீசரும் போறணையும். கிராங்கின் இரண்டு பக்கத்திலும் பேரிங் இருக்கும். அது வாளின் உடம்பில் இருக்கிற குழிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். அவசரக்காரர்கள் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். அடித்தால் இறங்கும், ஆனால் கிராங்க் கண்ணுக்குத் தெரியாமல் கோணிவிடும். பிறகு வாள் எந்நேரமும் நடுங்கும். அன்ரி கிராங்கை பிரீசரில் வைத்துச் சுருங்க வைப்பார். உடம்பின் இரண்டு பாதியையும், கேக் போடுகிற போறணைக்குள் வைத்து விரிய வைப்பார். இரண்டையும் எடுத்துச் சேர்த்தால், எண்ணெயில் மோதிரம் கழல்வதுபோல வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். அந்த வீட்டில் கிறிஸ்மஸுக்குப் போடும் நத்தார் கேக்கில் ஒரு மெல்லிய பெற்றோல் வாசம் இருக்கும். முதல் வருடம் முகம் சுளித்தேன். பிற்காலத்தில் வேறு வீடுகளில் கேக் சாப்பிடும்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது.

"அடிக்காதீங்க. ஒண்ணைக் குளுர வைங்க, ஒண்ணைச் சூடாக்குங்க. தானா வரும்." இரும்புக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே அவரிடமிருந்த மருந்து இதுதான்.

என்னோடு மாடியில் மட்டக்களப்புக்காரர் ஒருவர் இருந்தார், வங்கியில் வேலை. மின்விசிறியை எந்த வேகத்தில் விடுவது என்பதில் எங்களுக்குள் போர் மூண்டது. வடக்கும் கிழக்கும் இணைவது கஷ்டம் என்று வீடே பேசிச் சிரித்தது. ஒருநாள் சத்தம் கீழே கேட்க, அன்ரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவருக்கு ஐஸ் போட்ட நெல்லி ரசமும் எனக்குக் கொதிக்கக் கொதிக்கக் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்தார். குடித்து முடியும்வரை எழும்பக்கூடாது. நான் வேர்த்து வழிய, அவர் பல் கூசி முகத்தைச் சுளிக்க, ஒருவரையொருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று இன்றும் வழக்கு இருக்கிறது. மின்விசிறி அதன்பிறகு நடு வேகத்தில் ஓடியது.

வைத்தியம் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. என் புதிய சப்பாத்து இறுக்கம் என்று முறைப்பட்டேன். சப்பாத்து போறணைக்குள் போனது. என் கால்கள் ஐஸ் வாளிக்குள் போயின. கால் சுருங்கவில்லை, சப்பாத்தின் அடித்தோல் கழன்று நாக்கைத் தொங்கப்போட்டது. நான் ஒரு கிழமை பாட்டா செருப்போடு கந்தோருக்குப் போனேன். கப்பல் ஏஜன்சிக் கந்தோர் அது, மனேஜர் என் காலைப் பார்த்து, "எந்தக் கப்பலிலிருந்து குதித்தாய்?" என்று கேட்டார்.

இனி ஹெந்தளைக்காரரின் வாளுக்கு வருகிறேன்.

அவர் சிங்களவர். என் வயதுதான் இருக்கும். அன்ரி அவரை மல்லி என்று கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி. நானும் அப்படியே. அவருடைய வாளின் கிராங்க் கருகிப் போயிருந்தது. ஹொரணையில் ஒரு பழைய ரப்பர் தோட்டம் தறிக்க ஒரு கூட்டம் திங்கட்கிழமை காலை லொறியில் புறப்படுகிறது. பல மாதத்து வேலை. பெரிய மரத்துக்குத் தாங்குகிற வாளோடு வந்தால் இடம் உண்டு, வெறுங்கையோடு வந்தால் லொறி நிற்காது என்று தலைவன் சொல்லிவிட்டான். மல்லி மாதக்கணக்கில் வேலையில்லாமல் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

"அக்கே, இன்னும் ஒரு நாள் மாமியார் வைக்கிற சோத்தை நான் தலை குனிஞ்சு சாப்பிட்டா, என் தலை அப்படியே நின்னுடும்" என்றார்.

அன்ரியிடம் மரம் விழுந்து உடைந்த ஒரு பெரிய வாள் கிடந்தது. அதன் கிராங்க் நல்லது. கிராண்ட்பாஸ் நானாவிடம் போய்ச் சீவலும் முடிந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்துசேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அன்ரி சாவியைத் தொடமாட்டார். ஆகவே சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் எங்கள் பிரிட்ஜ் செத்தது. மின்வெட்டுக் காலம் அது. போன மின்சாரம் திரும்பி வந்த வேகத்தில், ஒரு விக்கல் விக்கி அடங்கிவிட்டது. உப்புப் போட்ட ஐஸில் வைக்கலாமென்றால் பேரிங் துருப்பிடிக்கும். ஒழுங்கை முனையில் ஐஸ்கிரீம் கடையில் பெரிய பிரீசர் இருந்தது. ஆனால் முன்பொரு தரம் அதற்குள் வைத்த கிராங்கின் எண்ணெய் வாசம் வனிலாவில் ஏறியதிலிருந்து கடைக்காரருக்கு எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை.

"தம்பி, வெள்ளவத்தையில ஒங்க சித்தி வீட்டுல பிரிட்ஜ் இருக்குன்னு சொன்னீங்களே?"

சித்தியின் தொடர்மாடியில் ஜெனரேற்றரும் இருந்தது. வீட்டில் முட்டைகூட ஏறாத சைவமும் இருந்தது. நான் கிராங்கோடு போய் நின்றேன். அதைக் கொண்டுவந்த வெள்ளை ரெஜிபோம் பெட்டி அன்ரி மீன் வாங்கப் போகும் பெட்டி. வாசம் மூக்கில் பட்டதும் சித்தி அதை மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டார்.

"என்னடா இது?"

"கிராங்க், சித்தி."

"சைவமோ, மச்சமோ?"

"இரும்பு."

"மேல என்ன பூசிக்கிடக்கு?"

"கிரீஸ்."

"கிரீஸ் எண்டா கொழுப்புத்தானேடா?"

"இது மாட்டுக் கொழுப்பில்லை சித்தி. மண்ணெண்ணெயின்ர சொந்தக்காரன்."

சித்தி பொலித்தீன் பையின் மேல் மூன்று விரலால் திருநீறு பூசி, "சிவசிவா" என்று உள்ளே வைத்தார். தயிருக்கும் தேங்காய்ப் பாதிக்கும் இடையில், நெற்றியில் பட்டையோடு கிராங்க் படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் போய் எடுத்தேன். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, தமிழ்ப் பேப்பரால் சுற்றி, மீன் பெட்டிக்குள் போட்டு பஸ் ஏறினேன். நான் இன்ன நேரம் வருவேன் என்று கணக்குப் பார்த்து, அன்ரி போறணையைப் பற்றவைத்திருப்பார்.

கொச்சிக்கடைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். ஒரு இளம் ஆமிக்காரர் என் பெட்டியைக் காட்டி, "மே மொகத்த?" என்று கேட்டார். இது என்ன என்கிற கேள்வி. என்னுடைய சிங்களம் பஸ்ஸுக்கும் பாணுக்கும் போதும், கிராங்குக்குப் போதாது. பெட்டியிலிருந்தோ மீன் மணம் தாராளமாக வீசியது. அந்த மணத்தை நம்பி, "மாலு" என்று சொல்லிவிட்டேன். மீன்.

அவர் மூடியைத் திறந்தார். குளிர்ப் புகை கிளம்பியது. உள்ளே தமிழ்ப் பேப்பர். அதற்குள் பொலித்தீன். நான் மீன் என்று சொன்ன பொருளுக்கு நெற்றியில் திருநீறு. அதற்குக் கீழே, அவர் வாழ்நாளில் கண்டிராத ஒரு இரும்பு.

அவர் பின்னால் பாய்ந்தார். வரிசை கலைந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகனுக்குப் பொருத்தம் பார்க்கிற கதை முழுவதையும் சொன்ன அம்மா, என்னைத் தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீதி நடுவில் நானும் பெட்டியும் தனியாக நின்றோம். சிறிது நேரத்தில் ஜீப் வந்தது.

அந்த நாட்களில் பொலிஸ் நிலையத்துக்குள் கொண்டுபோகப்பட்ட யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் எல்லோரும் வெளியே வந்ததில்லை. இதில் பகிடி எதுவும் இல்லை, ஆகவே நானும் விடவில்லை. என்னை உட்காரவைத்த வாங்கின் கீழ் ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. போட்டிருந்த ஆளைக் காணவில்லை. நான் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் சேர்த்து இருவருமாக ஒரு பாலம் கட்டினோம்.

"இது என்ன?"

"வாளின் கிராங்க், சேர். மரம் வெட்டுகிற வாள்."

"வாள் எங்கே?"

"கொட்டாஞ்சேனையில், சேர்."

"கிராங்க் ஏன் வெள்ளவத்தையில் இருந்து வருகிறது? ஏன் ஐஸில் வருகிறது?"

உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்போலக் கேட்டது. சித்தியின் தயிர்ப் பானைவரை வந்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உண்மை என்றால் மீன் என்று ஏன் சொன்னாய்?"

"பயத்தில், சேர்."

"பயப்பட என்ன இருக்கிறது?"

என் கண் தானாக வாங்கின் கீழ் கிடந்த அந்தச் செருப்புக்குப் போனது.

பொலிஸ் பதிவிலிருந்த என் கொழும்பு விலாசத்தைப் பார்த்து, ஒழுங்கை முனையில் இருந்த டெலிபோன் கடைக்குச் செய்தி சொன்னார்கள். கடைக்காரர் ஓடிப்போய் அன்ரியிடம், "ஒங்க மாடித் தம்பியைப் பொலிஸ் புடிச்சிருக்கு, இரும்போட!" என்று கத்தியிருக்கிறார். அன்ரி கேட்ட முதல் கேள்வி, "இரும்பு இன்னும் ஐஸ்லதான் இருக்கா?" இதை அந்தக் கடைக்காரரே பின்னால் எனக்குச் சொன்னார், நான் மனம் நோகவேண்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வாசலில் திரீவீல் ஒன்று வந்து நின்றது. முதலில் அன்ரி. பூப்போட்ட கவுன், ஏப்ரன், கையில் சாக்கால் பொதிந்த ஒரு மூட்டை. அதிலிருந்து ஆவி. பின்னால் ஹெந்தளை மல்லி, வாளின் மிச்ச உடம்பைத் தூக்கிக்கொண்டு. வாசல் பொலிஸ்காரர் மறித்தார். "தள்ளுங்க புள்ள, சூடு" என்று சிங்களத்தில் சொன்னார் அன்ரி. கொதிக்கிற குழம்புச் சட்டிக்கு வழிவிடுவதுபோல அவர் விலகிவிட்டார்.

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்கு வந்து, ஐஸுக்குள் விரலை விட்டு கிராங்கைத் தொட்டார். முகம் மலர்ந்தது.

"சேர், மன்னிக்கணும். மேசையைக் கொஞ்சம் தாங்க. ஆறிப் போச்சுன்னா இன்னிக்கு வேலை போச்சு, இந்த மல்லியோட லொறியும் போச்சு."

"நோனா, இது பொலிஸ் நிலையம்."

"தெரியும் சேர். வாள் எங்கேன்னு கேட்டீங்களாமே? காட்டத்தான் வந்தேன்."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்வதற்குள் சாக்கு மேசையில் விரிந்தது. உள்ளே வாளின் உடம்பு இரண்டு பாதியாக, போறணைச் சூட்டோடு. அன்ரி பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் துணித் துண்டை நீட்டினார். "இதை அசையாமப் புடிங்க." அவர் பிடித்தார். ஏன் பிடித்தோம் என்று அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

பொலித்தீனைக் கிழித்தார். திருநீறு மேசையில் உதிர்ந்தது. உறைபனியை ஒரே துடையில் துடைத்து, கிராங்கை நேராகப் பிடித்துக் குழியின் மேல் வைத்தார். அது அரைவாசி இறங்கி நின்றது. இது பொருந்தாவிட்டால் இரும்புக்கும் வாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கும் வெளிவாசலுக்கும் அப்படியே.

கான்ஸ்டபிள் உதவி செய்கிற ஆர்வத்தில் தன் குண்டாந்தடியை உருவினார். "இதால ரெண்டு தட்டுத் தட்டவா, நோனா?"

"வேணாம் புள்ள. தட்டாதீங்க. கொஞ்சம் பொறுங்க."

மேசையில் ஐஸ் உருகிச் சொட்டியது. அன்ரி விரல் நுனியால் தண்டை ஒரு மயிரளவு நிமிர்த்தினார்.

'ளொக்.'

உட்கார்ந்துவிட்டது. மற்றப் பாதியை மேலே கவிழ்த்தார். அதுவும் ஒரு பெருமூச்சோடு இறங்கியது. மல்லி ஓடிவந்து ஆணிகளை முடுக்கினார். அன்ரி தண்டின் நுனியைச் சுண்டினார். அது சுழன்றது, சத்தமே இல்லாமல், நிற்க மனமில்லாமல்.

இன்ஸ்பெக்டர் எழும்பி வந்தார். தானும் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை.

"அடிக்கவே இல்லையே" என்றார்.

"அடிச்சா எறங்கும் சேர். ஆனா உள்ள கோணிப்போயிரும். வெளிய தெரியாது. வாழ்நாள் பூரா நடுங்கும்."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவன் ஏன் மீன் என்று சொன்னான்?"

அன்ரி அப்போதுதான் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். "இவரா? கரப்பான்பூச்சி பறந்தா கட்டில் மேல ஏறி நிக்கற ஆளு சேர். பயந்தா மீனுன்னும் சொல்லுவாரு, மாம்பழமுன்னும் சொல்லுவாரு. என் வீட்டு ஆளு. நான் பொறுப்பு."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். என் மானம் அந்த மேசையிலேயே உருகி ஐஸோடு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். மானம் போனால் அறைக்குள் இருந்து தேடிக்கொள்ளலாம்.

உடனே விட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். வாக்குமூலம் எழுதினார்கள். சித்தியின் விலாசம் கேட்டார்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோய் எங்கெங்கோ காட்டினார்கள். அன்ரி அசையாமல் வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏப்ரன் பைக்குள் கையை விட்டு பிளக் சாவியை எடுத்தார், திரும்ப வைத்தார், செபமாலையை எடுத்தார். வெயில் சாயும் நேரத்தில் அட்டை திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் அதை என்னிடம் நீட்டியபடி அன்ரியிடம்தான் கதைத்தார். நிலையத்து ஜெனரேற்றர் ஒரு மாதமாக ஓடவில்லையாம்.

"கொண்டாங்க பாப்பம்" என்றார் அன்ரி. "ஆனா நாளைக்கு வேணாம், பூசை."

அடுத்த வாரமே ஜீப்பில் ஜெனரேற்றர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. ஜீப்பைக் கண்டதும் மட்டக்களப்புக்காரரும் நானும் மாடியில் ஒரே கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டோம். வடக்கும் கிழக்கும் அன்று முழுமையாக இணைந்தன.

மல்லியின் வாளுக்கு அன்று மாலையே ஈயக்கம்பி விட்டு அளந்து, கஸ்கெட் போட்டு, பூட்டி முடித்தார்கள். வளவில் கிடந்த தென்னங்குற்றியில் வைத்து மல்லி கயிற்றை இழுத்தார். அது போட்ட சத்தத்தில் ஒழுங்கைக் காகமெல்லாம் கிளம்பின. குற்றிக்குள் வாள் இறங்கிய விதத்தைப் பார்த்து, மல்லி வாயைத் திறந்தவர் மூடவில்லை. வாய்க்குள் தும்பு பறந்து போனதும்தான் மூடினார். திங்கட்கிழமை லொறியில் அவருக்கு முன் சீட்டுக் கிடைத்ததாம். சில மாதம் கழித்து மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்து அன்ரிக்கு ஒரு குலை செவ்விளநீர் வைத்துவிட்டுப் போனார். தலை நன்றாக நிமிர்ந்திருந்தது.

ஆனால் அன்ரியை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தத் திரீவீல்தான். பொலிஸ் நிலையத்திலிருந்து திரும்பும்போது மூன்று பேருக்கான சீட்டில் நாங்கள் மூன்று பேர், மல்லியின் மடியில் வாள், என் மடியில் மீன் பெட்டி, நடுவில் அன்ரி. கொச்சிக்கடைக் கோயில் மணி அடித்தது. எனக்கு வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்க என்னை எடுக்க வந்தனீங்களோ, இரும்பை எடுக்க வந்தனீங்களோ?"

"போறணையில வச்சது ஆறிரக்கூடாதுன்னு வந்தேன்" என்றார், வீதியைப் பார்த்துக்கொண்டே.

நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் என் கைகள் பெட்டியின் மேல் கடகடவென்று ஆடிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. ஐஸ் எப்போதோ உருகிவிட்டிருந்தது. ஆகவே அதைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

அன்ரி திரும்பிப் பார்த்தார். மடியில் மடித்து வைத்திருந்த சாக்கை எடுத்தார். மேசையில் ஆறிப்போயிருக்க வேண்டிய சாக்கு. இவ்வளவு நேரமும் மடியில் வைத்திருந்ததாலோ என்னவோ, இளஞ்சூடாக இருந்தது. அதை என் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுற்றி, மேலே தன் கையை வைத்துக்கொண்டார்.

"கையைப் பாரு, பிரீசர்ல வச்ச மாதிரி" என்றார். பிறகு டிரைவரிடம், "மெதுவாப் போங்க மல்லி. பள்ளத்துல போட்டு அடிக்காதீங்க."

கொட்டாஞ்சேனைச் சந்தி திரும்புவதற்குள் கைகள் ஆடுவது நின்றுவிட்டது.